ஸ்கீ பேட்ரோலர் ஆக என்ன வேண்டும்: நம் ஊர்த் தம்பிக்கு என் பதில்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். சுங்கை சிப்புட்காரர், வயது 23. மருத்துவ உதவியாளர் டிப்ளோமா முடித்துவிட்டு ஓர் அவசரப் பிரிவில் ஒரு வருடமாக வேலை செய்கிறார். இடைநிலைப் பள்ளிக் காலத்திலிருந்தே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சீருடை போட்டவர். நியூசிலாந்தில் ஸ்கீ பேட்ரோலராக, அதாவது பனிமலையில் ஸ்கீ ஓட்டுகிறவர்களைப் பாதுகாத்து, அடிபட்டவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறவராகப் போக வேண்டும் என்று ஆசை. "முதலுதவி தெரியும், உடம்பு நல்லா இருக்கு, ஆனா பனின்னு பார்த்தது கெந்திங் மலையிலயும் ஷா ஆலாம் ஐ-சிட்டியிலயும் இருக்கிற செயற்கைப் பனிதான். நடக்குமா அக்கா?" இதுதான் கேள்வி.

நடக்கும் தம்பி. ஆனால் அடுத்த ஜூனில் நடக்காது. நான்கைந்து வருடம் ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இந்த வேலையில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாத பாதி ஸ்கீ. அதற்குக் குறுக்கு வழி இல்லை, மலையில் நாள்கணக்காக, மாதக்கணக்காக நின்றால்தான் வரும்.

நானும் இந்த ஊர்தான். அப்பா தோட்டத்து டிரசர், அதாவது மருந்து கொடுத்துக் காயம் கட்டுகிறவர், நாங்கள் வளர்ந்தது செம்பனைக்கு நடுவே இருந்த குவார்ட்டர்ஸில். இருபத்து நான்கு வயதில்தான் முதன்முதலாகப் பனியை மிதித்தேன். அதற்குப் பிறகு நியூசிலாந்தின் தென் தீவில் ஆறு சீசன் பேட்ரோல் வேலை பார்த்தேன். அதனால் நீங்கள் இப்போது நிற்கிற இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வேலை ஏன் வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். 1936-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்டோவ் என்ற ஊரின் மலையில் சார்ல்ஸ் மினோட் டோல் என்பவர் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். தூக்கிப் போக ஆளும் இல்லை, சாமானும் இல்லை. கடைசியில் கூட வந்த நண்பர்கள் ஒரு கூரைத் தகரத்தில் அவரைக் கிடத்தி இழுத்து வந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த நண்பர்களில் ஒருவரே ஸ்கீ பந்தயத்தில் அடிபட்டு இறந்துபோனார். அந்த வேதனையில் டோல் தொடங்கிவைத்த ஏற்பாடுதான் 1938-இல் அமெரிக்காவின் தேசிய ஸ்கீ பேட்ரோல் அமைப்பாக ஆனது. எனக்கு இதைக் கேட்டதும் அப்பா ஞாபகம்தான் வந்தது. மழைக்காலத்தில் செம்மண் சாலையில் கார் ஏறாது, டிராக்டர் டிரெய்லரில் மெத்தையைப் போட்டு ஆளைக் கிடத்தி, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டே டவுன் வரைக்கும் வருவார். சாலை இல்லாத இடத்திலிருந்து ஒரு மனிதரை மேலும் கெடுக்காமல் கொண்டுவந்து சேர்ப்பது, ஸ்கீ பேட்ரோலின் சாரமும் அதுதான்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்? தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு இருக்கும் அல்லவா, அங்கேயும் அப்படித்தான். ஆள்களை மலைமேல் ஏற்றுகிற லிப்ட் திறப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் எல்லாரும் கூடுவோம். இரவில் எவ்வளவு பனி விழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தச் சரிவைத் திறக்கலாம், எதை மூட வேண்டும் என்று பேசி முடித்ததும் ஆளுக்கொரு பகுதி. அப்புறம் மூங்கில். ஆமாம், மூங்கில்தான். பாறை வெளியே தெரிகிற இடம், பனி இறுகிக் கண்ணாடியான இடம், சரிவு திடீரென்று முடிகிற விளிம்பு, இங்கெல்லாம் மூங்கில் கழி நட்டுக் கயிறு கட்டுவதுதான் காலை வேலை. தோளில் ஒரு கட்டு மூங்கில், முதுகில் மருந்துப் பை, ஒரு கையில் துளைபோடும் டிரில், இத்தனையோடும் ஸ்கீயில் இறங்க வேண்டும். மதியம் அந்தக் கயிற்றையெல்லாம் காற்று சாய்த்திருக்கும், திரும்பவும் போய் நட வேண்டும். நாளில் பெரும்பகுதி இப்படித்தான் போகும். படத்தில் பார்க்கிற ஹெலிகாப்டரும் ஓட்டமும் எப்போதாவதுதான். இந்தக் கயிறு கட்டுகிற வேலையை மனசாரச் செய்கிறவர்தான் நல்ல பேட்ரோலர். நீங்கள் நட்ட ஒரு மூங்கிலால் யார் காலும் உடையவில்லை என்றால் அது யாருக்கும் தெரியப் போவதில்லை. உங்களுக்கே தெரியாது.

சாயங்காலம் லிப்ட் நின்றதும் 'ஸ்வீப்'. மேலிருந்து கீழே ஒவ்வொரு சரிவாகப் பிரித்துக்கொண்டு, நின்று, கூப்பிட்டு, காது கொடுத்துக் கேட்டு, ஒருவரும் மலையில் தங்கிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டு இறங்குவது. இருட்டிய பிறகு அங்கே ஒரு ஆள் தனியாகக் கிடந்தால் விடிவதற்குள் குளிரே முடித்துவிடும். அதனால் எவ்வளவு களைத்திருந்தாலும் ஸ்வீப்பில் மட்டும் அவசரம் கூடாது.

இப்போது ஸ்கீக்கு வருகிறேன், இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தப்புக் கணக்குப் போடுகிறோம். அழகாக, வேகமாக ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். பேட்ரோலுக்குத் தேவை வேறு. கண்ணாடி போன்ற பனியில், மேடுபள்ளத்தில், ஈரமண் மாதிரி கனத்த பனியில், முன்னால் பத்தடி தெரியாத வெண்மூட்டத்தில், எதிலும் விழாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். அதுவும் யோசிக்காமல். நடக்கும்போது காலை நினைக்கிறோமா? அந்த அளவுக்கு ஸ்கீ உடம்போடு ஒட்டிப்போயிருந்தால்தான் மனமும் கையும் அடிபட்டவருக்கு மிஞ்சும். கால் ஸ்கீயை நினைத்துப் பயந்துகொண்டிருந்தால் நீங்கள் எவ்வளவு நல்ல மருத்துவ உதவியாளராக இருந்தும் பயனில்லை, போய்ச் சேரும்போதே மூச்சிரைத்து, கை நடுங்கி, இரண்டாவது நோயாளியாக நிற்பீர்கள்.

அதற்கு மேல் டொபோகன். முன்பக்கம் இரண்டு நீளக் கைப்பிடி வைத்த ஸ்லெட்ஜ் அது. அதில் எண்பது, தொண்ணூறு கிலோ ஆளைக் கட்டிப் படுக்க வைத்து, நீங்கள் முன்னால் கைப்பிடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு மலையிலிருந்து இறக்க வேண்டும். அடியில் ஒரு சங்கிலி இருக்கும், அதைக் கீழே விட்டால் பனியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். சரிவு கடுமையென்றால் பின்னால் ஒருவர் கயிறு பிடித்து வருவார். முதலில் வெறும் வண்டி, அப்புறம் மண்மூட்டை, அப்புறம் உயிருள்ள ஆள் என்று பழக்குவார்கள். உள்ளே படுத்துக்கொள்கிற முறை உங்களுக்கும் வரும், அதைத் தட்டாதீர்கள். முகத்துக்கு மேலே வானம் மட்டும் தெரிய, கையும் காலும் கட்டியிருக்க, ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் இறங்குகிறபோதுதான் ஓட்டுகிறவர் ஏன் பேசிக்கொண்டே வர வேண்டும் என்பது புரியும். "இப்போ இடது பக்கம் திரும்புறோம், கொஞ்சம் ஆடும்" என்ற ஒரு வார்த்தைக்கு அங்கே பாதி வலி குறையும்.

மருத்துவத்தில் உங்களுக்குப் பெரிய பயம் வேண்டாம். முழங்கால் தசைநார் கிழிவது, ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு மணிக்கட்டு முறிவது, தோள்பட்டை நழுவுவது, தலையில் அடி, இவைதான் அன்றாடம். அவசரப் பிரிவில் மோட்டார் சைக்கிள் விபத்து பார்த்த கைக்கு இது புதிதல்ல. புதிது என்னவென்றால் குளிர். நம் ஊரில் குளிர் ஒரு நோயாளியைக் கொல்லும் என்று யாரும் நினைப்பதில்லை. அங்கே அடிபட்டவர் பனிமேல் படுத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், எலும்பு முறிவைப் பார்க்கும் முன் முதுகுக்கு அடியில் ஏதாவது விரித்தோமா என்று பார்க்க வேண்டும். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டார் என்று அர்த்தமில்லை, உடல் வெப்பம் 32 பாகைக்கும் கீழே போயிருக்கலாம். பிளாஸ்டர் ஒட்டாது, டிரிப் திரவம் குழாயிலேயே உறையும், கைப்பேசி பேட்டரி படுத்துவிடும். என்டோனாக்ஸ் நமக்குத் தெரிந்த வலி குறைக்கிற வாயுதானே, ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் கலந்தது, பிரசவ வார்டில் தினமும் பார்த்திருப்பீர்கள். அது சுமார் மைனஸ் 6 பாகைக்குக் கீழே சிலிண்டருக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்துவிடும், முதலில் வெறும் ஆக்சிஜன் அதிகமாக வரும், கடைசியில் நைட்ரஸ் அதிகமாக வந்து ஆபத்தாகும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பச்சை விசில் மாதிரி இருக்கிற, உறிஞ்சினால் வலி குறைக்கிற பென்த்ராக்ஸை அதிகம் பார்ப்பீர்கள். கணுக்கால் முறிந்தால் ஸ்கீ பூட்ஸைக் கழற்ற அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் அந்தப் பூட்ஸே நல்ல கட்டு. சட்டையை வெட்டுகிற பழக்கத்தையும் அங்கே கொஞ்சம் அடக்க வேண்டும், ஜாக்கெட்டை வெட்டிவிட்டால் அவருக்குப் போர்த்த வேறு ஒன்று இருக்காது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும். என் இரண்டாவது சீசனில் ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு மேட்டுக்குக் கீழே விழுந்து அழுதுகொண்டிருந்தாள். நான் நேராக அவளிடம் போய் மண்டியிட்டேன். மேலே போய் என் ஸ்கீயை எக்ஸ் மாதிரி குறுக்காக நட்டுவைக்க மறந்துவிட்டேன். கீழே ஆள் கிடக்கிறார் என்று மேலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்கிற அடையாளம் அது. மேட்டைத் தாண்டி ஒருவர் பறந்து வந்தார், அந்தப் பிள்ளையின் தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து உருண்டு போனார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது என் தப்பு. ஆளைத் தொடும் முன் சுற்றிப் பார் என்று அப்பா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தது, அழுகுரல் கேட்டதும் மறந்துபோனது. ஈப்போ கல்லுமலையில் தைப்பூசத்துக்கு முதலுதவிக் கூடாரத்தில் நின்றிருந்தீர்கள் என்றால், மயங்கி விழுந்தவரைப் பார்க்கும் முன் கூட்டம் எந்தப் பக்கமிருந்து நெருக்குகிறது என்று பார்க்கிற அந்தக் கண் உங்களுக்கு இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பனிச்சரிவு, மலையில் படிந்த பனி மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு இறங்குவது. நியூசிலாந்தில் பல ஸ்கீ மலைகளில் இது தினசரிக் கவலை, படிக்கப் படிக்க முடியாத பாடம். செம்பனை நடுவதற்கு 25 பாகைக்கு மேல் சரிவு கூடாது என்பது நமக்குத் தெரிந்த கணக்கு, அந்தச் சரிவில் நின்று பார்த்தாலே எவ்வளவு செங்குத்தாகத் தெரியும். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள், அதிலும் 38 பாகையை ஒட்டி அதிகம் நடக்கும், ஆள்கள் ஸ்கீ ஓட்ட ஆசைப்படுவதும் அதே சரிவுகளில்தான். பனி ஒரே குவியலாக இருப்பதில்லை, ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கு. நடுவில் ஓர் அடுக்கு சீனி மாதிரி உதிரியாகிவிட்டால், அதன் மேல் இறுகிப் படிந்த பலகை ஒரு ஆள் எடைக்கே பிய்த்துக்கொண்டு ஓடும். அதைக் கண்டுபிடிக்கக் குழி தோண்டி, 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் தூணாக வெட்டி, மேலே மண்வாரியை வைத்துத் தட்டுவோம். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில், எப்படி உடைகிறது என்பதை எழுதிவைப்போம். உதிராமல் சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தால் அன்றைக்கு அந்தச் சரிவு மூடல்தான். சில நாள்கள் விடியற்காலையில் வெடி வைத்து ஆள் வருமுன்னே அந்தப் பனியை இறக்கிவிடுவார்கள், அதற்குத் தனிப் பயிற்சியும் உரிமமும் வேண்டும். முதல் சீசனில் உங்கள் கையில் தரமாட்டார்கள்.

மாட்டிக்கொண்டவரைத் தேடுவது நேரத்தோடு போராடுகிற வேலை. 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி நேரத்தில் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்குச் சரிந்துவிடும். தீயணைப்புப் போம்பாவையோ ஹெலிகாப்டரையோ கூப்பிட்டுக் காத்திருக்க நேரம் இல்லை, அங்கே இருக்கிறவர்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொருவர் உடம்பிலும் பீக்கன் என்ற சிக்னல் அனுப்பித் தேடுகிற கருவி, பையில் மடக்குக் கம்பி, மண்வாரி. பீக்கன் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசும், எந்த நாட்டுக் கருவியும் எந்த நாட்டுக் கருவியையும் கண்டுபிடிக்கும். அதன் திரையில் தூரத்தைக் காட்டுகிற எண் குறையக் குறைய நெருங்குகிறீர்கள். கடைசியில் தரையோடு வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தேடி, கம்பியைக் குத்திப் பார்த்து, கம்பி ஆளைத் தொட்டதும் அதை அங்கேயே விட்டுவிட்டு, புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு கீழே தள்ளி நின்று உள்நோக்கித் தோண்ட வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் அவருடைய மூச்சுக்கு இருக்கிற கொஞ்ச இடத்தையும் நீங்களே மிதித்து மூடிவிடுவீர்கள்.

சாவையும் பார்ப்பீர்கள். பனிச்சரிவில்தான் என்றில்லை, ஐம்பது அறுபது வயது ஆண்கள் மாரடைப்பில் சரிவிலேயே சாய்வது உண்டு. அப்படி ஒருவருக்கு நாற்பது நிமிடம் நெஞ்சை அமுக்கியும் வரவில்லை, அவருடைய மனைவி பக்கத்திலேயே கையுறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வார்டில் என்றால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிடலாம். அங்கே மலைமேல், வேற்று மொழிக்காரர்கள் நடுவில், மறுநாள் காலை அதே சரிவில் கயிறு கட்டப் போக வேண்டும். கூட இருக்கிறவர்களிடம் பேசுங்கள், பேச்சு வராவிட்டால் வீட்டுக்குப் போன் போடுங்கள். அந்த ராத்திரி நான் அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசினேன், இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, தோட்டத்தில் மாடு கன்று போட்ட கதைதான். அது போதுமாக இருந்தது.

இனி வழி. நியூசிலாந்து, மலேசியர்களுக்கு 18 முதல் 30 வயது வரை வொர்க்கிங் ஹாலிடே விசா தருகிறது. இடங்கள் கணக்குப் போட்டுத்தான் திறக்கும், அதனால் திறக்கிற நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு காலையிலேயே உட்காருங்கள். ஸ்கீ சீசன் ஜூனிலிருந்து அக்டோபர் வரை. முதல் வருடம் பேட்ரோல் வேலையைத் தேடாதீர்கள். லிப்ட் இயக்குகிற வேலை, ஸ்கீ வாடகைக் கடை, சமையற்கட்டு, எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலையோடு சீசன் பாஸ் வரும், அதுதான் உங்கள் உண்மையான சம்பளம். விடுமுறை நாளில் எல்லாம் ஸ்கீ. வேலைக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிலும் ஸ்கீ. பணம் இருந்தால் நல்ல பயிற்றுநரிடம் பாடம் எடுங்கள், சினேகிதர்கள் சொல்லிக்கொடுக்கிற தப்பைப் பிறகு கழற்ற ஒரு சீசன் போகும். அப்புறம் அந்த நாட்டு முன்மருத்துவ அவசரச் சிகிச்சைப் பாடமும், பனிச்சரிவுப் பாதுகாப்பின் முதல் நிலைப் பாடமும். உங்கள் டிப்ளோமாவுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அங்கே எந்த மருந்தை நீங்கள் கொடுக்கலாம் என்பதை அந்த நாட்டு விதிதான் முடிவு செய்யும். இங்கே ஊசி போட்ட கை அங்கே வெறும் கட்டுப்போடுகிற கையாக ஒன்றிரண்டு வருடம் இருக்கலாம், அதை மானக்குறைவாக நினைக்க வேண்டாம்.

விசா வயதும் ஓடும் என்பதை மறக்காதீர்கள். முப்பது தாண்டினாலோ அந்த விசா முடிந்துவிட்டாலோ ஒரு முதலாளி உங்களை வேலைக்கு எடுக்க முன்வந்தால்தான் வழி, அதற்கு உங்களைப் போல் இன்னொருவர் உள்ளூரில் இல்லை என்கிற அளவுக்குத் திறமை இருக்க வேண்டும். 23 நல்ல வயது. 27-இல் கேட்டிருந்தால் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன்.

காசைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். இதில் வீடு வாங்க முடியாது. அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் 2024 டிசம்பர் 27 அன்று ஏறக்குறைய 200 பேட்ரோலர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொடக்கக் கூலியை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக்கச் சொல்லித்தான். கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி 8 அன்று அது கிடைத்து முடிந்தது. வெடி வைக்கிற, உயிர் காக்கிற, பெரும் பணக்காரர்கள் வந்து போகிற மலையில் வேலை செய்கிற ஆள்களின் நிலைமையே அது. எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது, தோட்டத்துக் கூலிப் போராட்டத்தைக் கேட்டு வளர்ந்த நம் எல்லாருக்கும் வரும். அதோடு இது நான்கு மாத வேலை. மிச்ச எட்டு மாதத்துக்கு என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள். உங்களிடம் மருத்துவ உதவியாளர் தகுதி இருப்பது இங்கே பெரிய பலம், அதைக் கைவிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. நம் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம், பனி வெயிலைத் திருப்பி அடிக்கும், முதல் வாரத்திலேயே என் மூக்குத் தோல் உரிந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரு மணி நேரம் நின்றால் கண்ணில் மணல் போட்ட மாதிரி இரவெல்லாம் எரியும். கியா என்று ஒரு மலைக்கிளி உண்டு, பையைத் திறந்து வைத்தால் கையுறையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், ஜிப்பை எப்போதும் மூடுங்கள். சாம்பார்த் தூள் இங்கிருந்தே கொண்டுபோங்கள், ஆனால் பாக்கெட்டாக, நாட்டுக்குள் நுழையும்போது தருகிற அறிவிப்பில் மறைக்காமல் எழுதி.

இப்போதைக்கு இங்கே இருந்தே செய்யக் கூடியது இரண்டு. ஒன்று, கால். வாரம் மூன்று நாள் முதுகில் பதினைந்து கிலோ வைத்து மேடு ஏறி இறங்குங்கள், ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள், தொடை எரிய வேண்டும். இன்னொன்று, என்னிடம் பழைய பீக்கன் இரண்டு சும்மா கிடக்கின்றன, இரண்டும் இன்னும் வேலை செய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு உங்கள் பழைய பள்ளித் திடலுக்கு வாருங்கள். ஒன்றைக் கோணிப்பையில் சுற்றி எங்காவது காய்ந்த மட்டைக் குவியலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறேன், இன்னொன்றை வைத்து நீங்கள் தேடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் எடுக்க முடிகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்வோம். கையுறை இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள், அதோடு அந்தப் பொத்தான்களை அமுக்கிப் பழக வேண்டும்.